உங்கள் ஒரு மணி நேரம் உண்மையில் எவ்வளவு? – வாசகர் கேள்வி பதில்

எதையும் வாங்குவதற்கு முன், அந்தப் பணத்துக்காக எத்தனை மணி நேரம் உழைத்தோம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள் என்று சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்களில் ஆறு இங்கே. தொகைகளும் நேரங்களும் வாசகர்கள் எழுதி அனுப்பியவை.

ஊரப்பாக்கம் வாசகர்: எனக்கு சி.டி.சி. ஆண்டுக்கு 6 லட்சம், அதாவது மாதம் 50,000. 25 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்று வகுத்தால் மணிக்கு 250 ரூபாய் வருகிறது. ஆனால் அந்த அளவுக்குச் சம்பாதிப்பதாகவே தோன்றவில்லை. எங்கே தவறு?

மேலே இருக்கும் தொகையும் தவறு, கீழே இருக்கும் மணி நேரமும் தவறு. மேலே இருப்பதை முதலில் பார்ப்போம்.

சி.டி.சி. என்பது உங்களுக்காக நிறுவனத்துக்கு ஆகும் செலவு. அதில் நிறுவனம் கட்டும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 1,800, கிராஜுவிட்டிக்காக (பணிக்கொடை) ஒதுக்குவது 1,202, மருத்துவக் காப்பீடு 498 என்று உங்கள் ஆபர் லெட்டரிலேயே இருக்கிறது. இவை போக 46,500. அதில் உங்கள் பங்கு பி.எஃப். 1,800 போகும். தொழில் வரி அரையாண்டுக்கு 1,250, மாதத்துக்கு 208 என்று வையுங்கள். புதிய வரி முறையில் இந்தச் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. ஆக வங்கியில் விழுவது 44,492.

இனி வேலைக்குப் போவதால் மட்டும் ஆகும் செலவு. இங்கேதான் பலரும் கூட்டியோ குறைத்தோ எழுதுகிறார்கள். மதியச் சாப்பாடும் டீயும் 2,600 என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் இருந்தாலும் சாப்பிடத்தானே செய்வீர்கள்? அதற்கு 900 ஆகும் என்றால், வேலையின் கணக்கில் சேர வேண்டியது 1,700 மட்டும். அலுத்துப்போய் வரும் வழியில் வாங்கும் இரவுப் பார்சல் 2,400; அதிலும் வீட்டுச் சமையலுக்கு ஆகும் 600-ஐக் கழித்து 1,800 எழுதுங்கள். ஸ்டேஷன் வரை பெட்ரோலும் வண்டி நிறுத்தக் கட்டணமும் 1,100, சீசன் டிக்கெட்டும் கிண்டியில் ஷேர் ஆட்டோவும் 1,300, இஸ்திரி, செருப்பு, சட்டை 500. மொத்தம் 6,400. மிச்சம் 38,092.

அடுத்து நேரம். உணவு இடைவேளையையும் சேர்த்து அலுவலகத்தில் 9 மணி நேரம். அந்த இடைவேளையில் உங்களால் வீட்டுக்குப் போய்வர முடியாது; எனவே அது உங்கள் நேரம் அல்ல. வீட்டு வாசலிலிருந்து இருக்கை வரை ஒரு வழிக்கு 1 மணி 20 நிமிடம். ரயில் ஓடும் 40 நிமிடத்தை மட்டும் எழுதிவிட்டு, நடைமேடையில் நின்றதையும் ஷேர் ஆட்டோ நிரம்பும்வரை உட்கார்ந்திருந்ததையும் விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. போக வர 2 மணி 40 நிமிடம். ஞாயிற்றுக்கிழமையைவிடக் கூடுதலாகத் தயாராக ஆகும் நேரம் 30 நிமிடம், வீடு வந்த பிறகும் தொடரும் அலுவலக போன் 20 நிமிடம், பையை வீசிவிட்டு எதுவும் செய்யத் தோன்றாமல் கிடக்கும் 30 நிமிடம். கூட்டினால் நாளுக்கு 13 மணி நேரம்.

நாட்களைக் காலண்டரைப் பார்த்து எழுதாதீர்கள். வருகைப் பதிவைப் பாருங்கள். விடுமுறையும் லீவும் போக, கடந்த 12 மாதத்தில் நீங்கள் வேலைக்குப் போனது 240 நாள். மாதத்துக்குச் சராசரி 20. ஆக 260 மணி நேரம். 38,092-ஐ 260-ஆல் வகுத்தால் 146 ரூபாய் 50 காசு. இதுதான் உங்கள் மணிக்கூலி. கடையில் நின்று கணக்குப் போட 145 என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பி.எஃப். உங்கள் பணம்தானே, அதை ஏன் விட்டோம்? இன்று ஒரு பொருளை வாங்கலாமா என்று முடிவெடுக்க, இன்று எடுத்துச் செலவழிக்க முடிகிற பணம் மட்டுமே கணக்கு. இரண்டு வேலைகளை ஒப்பிடும்போது பி.எஃப்., கிராஜுவிட்டி, காப்பீடு எல்லாவற்றையும் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

அதே வாசகர் இன்னொன்றும் கேட்கிறார்: மறைமலைநகரில் ஒரு வேலை வருகிறது. கையில் 6,000 குறையும். போகலாமா?

கையில் 38,492 வரும். போக வர 40 நிமிடம்தான்; மதியச் சாப்பாட்டை வீட்டிலிருந்து கொண்டுபோகலாம், இரவுப் பார்சலும் தேவைப்படாது என்கிறீர்கள். வேலைச் செலவு 2,400-க்குள் நிற்கும். மிச்சம் 36,092. பயணத்தில் 2 மணி நேரமும் அலுத்துக் கிடக்கும் அரை மணி நேரமும் குறைவதால், நாளுக்கு 10 மணி 30 நிமிடம் வீதம் 20 நாளுக்கு 210 மணி நேரம். மணிக்கு 172 ரூபாய்.

இதைவிட முக்கியமான கணக்கு ஒன்று உண்டு. உங்களுக்கு உண்மையில் குறைவது 6,000 அல்ல, 2,000. அதற்குப் பதிலாகத் திரும்பக் கிடைப்பது மாதம் 50 மணி நேரம். இப்போதைய வேலையில் அந்த 50 மணி நேரத்தை மணிக்கு 40 ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருக்கிறீர்கள். எங்கள் எண்ணம், போகலாம் என்பதுதான். ஆனால் கையெழுத்துப் போடும் முன் இரண்டை விசாரியுங்கள்: வாரத்துக்கு 5 நாளா 6 நாளா, பி.எஃப். எந்தத் தொகைக்குப் பிடிக்கிறார்கள். 6 நாள் என்றால் மாதத்துக்கு நான்கு நாள் கூடி 252 மணி நேரமாகும். விகிதம் 143-க்கு இறங்கி, இந்தக் கணக்கு முழுவதும் கவிழ்ந்துவிடும்.

திருப்பூர் வாசகி: பனியன் கம்பெனியில் டெய்லர். காலை 8.30 முதல் மாலை 5.30 வரை ஒரு ஷிப்ட், 520 ரூபாய். இரவு 9 மணி வரை நின்றால் ஒன்றரை ஷிப்ட், 780 ரூபாய். நின்றால் லாபம்தானே? ஆனால் வாரக் கடைசியில் கையில் எதுவும் கூடித் தெரியவில்லை.

உங்களுக்கு இரண்டு விகிதம் வேண்டும். ஒன்று முதல் ஷிப்ட்டுக்கு, இன்னொன்று கூடுதல் அரை ஷிப்ட்டுக்கு. இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் உண்மை மறைந்துபோகும்.

முதல் ஷிப்ட்: 7.45-க்கு வீட்டை விட்டுக் கிளம்பி 6.15-க்குத் திரும்புகிறீர்கள். பத்தரை மணி நேரம். சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் போக்குவரத்துச் செலவு பூஜ்யம். ஆனால் பேருந்துக்காக நிற்கும் நேரம் கணக்கில் உண்டு, அதைச் சேர்த்துத்தான் பத்தரை. டீ, வடைக்கு 30 போனால் 490. மணிக்கு 46 ரூபாய் 65 காசு.

அரை ஷிப்ட்: கூடுவது 260. 9 மணிக்கு மேல் நகரப் பேருந்து கிடைக்காமல் ஷேர் ஆட்டோ 40, டீ 15. பிள்ளைகளுக்கு பரோட்டா பார்சல் 120. வீட்டுச் சாப்பாட்டைவிட அது 80 அதிகம். ஆக 135 போய் மிஞ்சுவது 125. வீட்டுக்கு வருவது 9.30, அதாவது 3 மணி 15 நிமிடம் தாமதம். மணிக்கு 38 ரூபாய் 50 காசு. அதிக அலுப்போடு செய்த வேலைக்குக் குறைந்த கூலி.

இங்கே எல்லாவற்றையும் தீர்மானிப்பது அந்தப் பார்சல்தான். ஃப்ரிட்ஜில் மாவும் ஒரு டப்பா தக்காளித் தொக்கும் இருந்து, பெரிய பிள்ளையே தோசை வார்த்துக்கொள்ளும் நாட்களில் 80 ரூபாய் மிச்சம். அப்போது 205 ரூபாய், மணிக்கு 63. எனவே எந்தெந்த நாள் நிற்கப்போகிறீர்கள் என்று ஞாயிற்றுக்கிழமையே முடிவு செய்து, அந்த நாட்களுக்கு மட்டும் வீட்டில் ஏற்பாடு செய்யுங்கள். திடீரென்று சூப்பர்வைசர் நிறுத்தும் நாள்தான் நஷ்ட நாள்.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாரம் 48 மணி நேரத்தைத் தாண்டிய வேலைக்குச் சாதாரண ஊதியத்தைப் போல் இரு மடங்கு என்பது தொழிற்சாலைகளுக்கான சட்டம். 520-ஐ 8-ஆல் வகுத்தால் 65; மூன்றரை மணி நேரத்துக்கு இரு மடங்கு 455. நீங்கள் வாங்குவது 260. தனியாகக் கேட்பது கடினம். லைனில் இருக்கும் எல்லோரும் இந்த ஒரு கணக்கைத் தெரிந்து வைத்திருந்தால் கேட்பது எளிது.

மதுரை வாசகி: வீட்டில் ப்ளவுஸ் தைக்கிறேன். லைனிங் ப்ளவுஸுக்கு 350 வாங்குகிறேன். வெட்டித் தைக்க 1 மணி 40 நிமிடம் ஆகிறது. மணிக்கு 210 ரூபாய் வருகிறதே, ஆனாலும் மாதக் கடைசியில் கடன். துணி ஓரம் பிரியாமல் அடிக்கும் ஓவர்லாக் மெஷின் 9,500-க்கு வருகிறது. வாங்கினால் தேறுமா?

முதலில் சாமான் செலவு: லைனிங் துணி 55, கொக்கியும் நூலும் 12, மின்சாரம், ஊசி, எண்ணெய் 8. மொத்தம் 75. ஓவர்லாக்குக்கு வெளியே கொடுப்பதை இதில் சேர்க்கவில்லை, கடைசியில் தனியாகப் பார்ப்போம். மிச்சம் 275.

நேரத்தை ஒரு வாரம் குறித்து அனுப்பியதற்கு நன்றி. விடை அதில்தான் இருந்தது. அளவெடுப்பதும் கழுத்து மாடல் பேசுவதும் 15 நிமிடம். துணியைக் கடைக்கு எடுத்துப்போய், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அதே நிறத்தில் லைனிங் தேட 20. வெட்ட 25, தைக்க 75, கொக்கியும் ஹெம்மிங்கும் கைவேலையாக 30. பிறகு, ‘கை பிடிக்கிறது, கொஞ்சம் பிரித்துக் கொடுங்க’ என்று திரும்பி வருவது சராசரியாக ஒரு ப்ளவுஸுக்கு 15 நிமிடம். மொத்தம் 3 மணி நேரம். 275-ஐ 3-ஆல் வகுத்தால் 91 ரூபாய் 65 காசு.

தையலின் வேகத்தைக் கூட்டுவதைவிட, தையல் அல்லாத நேரத்தைக் குறைப்பது எளிது. அதிகம் வரும் பத்துப் பன்னிரண்டு நிறங்களில் லைனிங்கை மொத்தமாக வாங்கி வையுங்கள்; அந்த 20 நிமிடம் 5 ஆகும். அளவு ப்ளவுஸ் இல்லாமல் துணியை வாங்காதீர்கள். கொக்கி வைக்கும் முன் ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்துத் தையலைப் பிரிப்பது அந்த நிலையில் ஐந்து நிமிட வேலை, எல்லாம் முடித்த பிறகு அரை மணி நேரம். ஆல்டரேஷன் 8 நிமிடத்துக்கு இறங்கினாலே, மொத்தம் 158 நிமிடமாகி மணிக்கு 104 ரூபாய் வரும். விலையில் ஒரு பைசா ஏற்றவில்லை.

ஓவர்லாக் மெஷினுக்கு வருவோம். இப்போது வெளியே கொடுக்க ஒரு ப்ளவுஸுக்கு 15. மாதம் 45 ப்ளவுஸுக்கு 675. வீட்டிலேயே செய்தால் நூல்கண்டும் மின்சாரமும் 120. மிச்சம் 555. போய்வரும் நேரம் மாதம் 4 மணி நேரம் மிச்சமாகும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நீங்களே ஓட்டினால் ஒரு ப்ளவுஸுக்கு 5 நிமிடம் வீதம் 3 மணி 45 நிமிடம் ஆகிவிடும். எனவே நேரத்தில் ஒன்றும் மிஞ்சாது. பணக் கணக்கு மட்டும் பாருங்கள். 9,500 திரும்ப வர 17 மாதம். தீபாவளிக்கும் ஆடி முடிந்து வரும் கல்யாண முகூர்த்தங்களுக்கும் துணி குவியும்போது வெளியே ஓவர்லாக்குக்குக் காத்திருந்து டெலிவரி தவறுகிறதென்றால் வாங்கலாம். கடன் இருக்கும்போது மற்றபடி அவசரமில்லை.

திருச்சி வாசகர்: உங்கள் முறைப்படி என் மணிக்கூலி 110. 26,000 ரூபாய் போன் 236 மணி நேரம் என்று வருகிறது. வட்டியில்லாத் தவணை ஆறு மாதம் இருக்கிறது. எடுக்கலாமா?

236 மணி நேரம் என்பது நாளுக்கு 12 மணி நேர வேலையில் ஏறக்குறைய 20 நாள். ஆனால் அந்த 20 நாள் சம்பளத்தில் வாடகை, மளிகை, பள்ளிக் கட்டணம் எதுவும் கொடுக்காமல் இருக்க முடியுமா? கையில் வரும் 30,000-இல் குடும்பச் செலவு 23,500 போக, மிஞ்சுவது 6,500 என்கிறீர்கள். அப்படியானால் அந்த போன் நான்கு மாதத்து மிச்சம் முழுவதும். பெரிய பொருளுக்கு எப்போதும் இந்த இரண்டாவது கணக்கைப் போடுங்கள். டீ, சினிமா, சட்டைக்கு மணிக்கூலி போதும்.

வட்டியில்லாத் தவணையில் வட்டி இருக்கிறது. அதே அளவு தள்ளுபடியை முதலில் கொடுத்துச் சமன் செய்கிறார்கள், அவ்வளவுதான். கிரெடிட் கார்டுத் தவணை என்றால், அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யை நீங்கள்தான் கட்ட வேண்டும். 15 சதவீத வட்டி என்றால், ஆறு மாதத்தில் ஜி.எஸ்.டி. மட்டும் சுமார் 200 ரூபாய். பிராசசிங் கட்டணம் 199-ம் அதற்கான வரியும் சேர்த்தால் 435 அளவில் வரும். உங்கள் கணக்கில் நான்கு மணி நேர உழைப்பு. முழுப் பணம் கட்டினால் கிடைக்கும் தள்ளுபடி தவணைக்கு உண்டா என்றும் பில் போடும் முன் கேளுங்கள்.

ஆயுளையும் சேருங்கள். புது போன் மூன்று வருடம் உழைத்தால் மாதத்துக்கு 722 ரூபாய், ஆறரை மணி நேரம். பழைய போனுக்குப் பேட்டரி மாற்ற 1,800. இன்னும் ஒன்றரை வருடம் ஓடினால் மாதத்துக்கு 100, ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. பேட்டரி மட்டும்தான் கோளாறு என்று நீங்களே எழுதியிருப்பதால், எங்கள் பதில் பேட்டரிதான்.

சேலம் வாசகர்: என் மணிக்கூலி 145. அப்படியானால் வீட்டில் மாவு அரைப்பது முட்டாள்தனம் இல்லையா? அந்த நேரத்துக்கு நான் இதைவிடச் சம்பாதிக்கிறேனே?

இந்த முறையைத் தவறாகப் பயன்படுத்துவதில் இதுதான் முதலிடம். ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு உங்களுக்கு யாரும் 145 கொடுக்கப் போவதில்லை. அந்த மணி நேரத்தை விற்க வாய்ப்பு இல்லாதபோது, ஒப்பிட வேண்டியது மிச்சமாகும் பணத்தை மட்டும்.

ஒரு கிலோ இட்லி அரிசி 50, கால் கிலோ உளுந்து 35, வெந்தயம், உப்பு, மின்சாரம் 5. மொத்தம் 90. மூன்று கிலோவுக்குக் குறையாமல் மாவு வரும். கடையில் கிலோ 50 என்றால் 150. மிச்சம் 60. நேரம்? ஊறும் நான்கு மணி நேரமும், கிரைண்டர் ஓடும் நேரமும், புளிக்கும் இரவும் உங்கள் நேரம் அல்ல. களைவது, போடுவது, நடுவில் தண்ணீர் தெளித்துத் தள்ளிவிடுவது, வழிப்பது, கல்லைக் கழுவுவது எல்லாம் 40 நிமிடம். மணிக்கு 90 ரூபாய். பேருந்து ஏற வேண்டாம், இதற்கு வரியும் இல்லை. ஆனால் அந்த 40 நிமிடம் யாருடையது என்பதையும் பாருங்கள். வீட்டில் ஒருவரே எல்லா வாரமும் கல்லைக் கழுவுகிறார் என்றால், இந்த லாபக் கணக்கைப் போட உங்களுக்கு உரிமை இல்லை.

கும்பகோணம் வாசகி: எனக்குச் சம்பளம் இல்லை. இந்தக் கணக்கில் எனக்கு இடம் உண்டா? ஜவுளிக் கடையில் 12,000-க்குக் கூப்பிடுகிறார்கள். பையனை மாலையில் பார்த்துக்கொள்ள 2,500 கேட்கிறார்கள். போகலாமா?

உங்களுக்கு நிச்சயம் இடம் உண்டு. உங்கள் கணவருக்கு எல்லாம் போக 32,000 மிச்சம், 250 மணி நேரம், மணிக்கு 128. ஆனால் அவர் 7 மணி பஸ்ஸைப் பிடிப்பதற்காகவே நீங்கள் விடியுமுன் எழுந்து சமைத்து, சீருடை துவைத்துத் தேய்ப்பது மாதம் 30 மணி நேரம் ஆகிறது. அதையும் சேர்த்து 280-ஆல் வகுத்தால் 114. அதுதான் குடும்பத்தின் உண்மையான மணிக்கூலி. பெரிய செலவை இரண்டு பேரும் சேர்ந்து முடிவு செய்யும்போது இந்த எண்ணை வையுங்கள்.

ஜவுளிக் கடை: 12,000-இல் பி.எஃப். 1,440, இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) 0.75 சதவீதம் 90. கையில் 10,470. பையனைப் பார்த்துக்கொள்ள 2,500, புடவை 500, சாப்பாடும் டீயும் 600 போக 6,870. 26 நாள், போய்வருவதோடு 11 மணி நேரம், மொத்தம் 286. மணிக்கு 24 ரூபாய்.

குறைவுதான். ஆனால் இதைப் பார்த்து உடனே மறுத்துவிடாதீர்கள். குடும்பத்துக்கே இ.எஸ்.ஐ. மருத்துவம் கிடைக்கும்; கடையும் உங்களுக்காக 1,440 கட்டும், அதில் 1,000 ஓய்வூதியக் கணக்குக்குப் போகும். பையன் கொஞ்சம் வளர்ந்ததும் அந்த 2,500 செலவு நின்றுவிடும். அப்போது மணிக்கு 33 வரும். பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் இல்லாத கடை என்றால் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. போக முடிவெடுத்தால், காலை 9 முதல் மாலை 5 வரை மட்டும் வர முடியுமா என்று முதலில் கேளுங்கள்; பள்ளி விட்டு வரும் நேரத்தோடு ஒத்துப்போனால் பராமரிப்புச் செலவு பாதியாகும். கடையில் பணியாளர் உட்கார இருக்கை போட வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத் திருத்தம் வந்தது. நாள் முழுக்க நின்றால் இரவில் கால் வீங்கிக் கிடக்கும் நேரமும் இந்தக் கணக்கில்தான் சேரும். எனவே நேர்காணலுக்குப் போகும்போதே, கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருக்கிறதா, அதில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.